பதினோராவது பிள்ளை

தராவா,
பிப்ரவரி 26

அக்கா,

மௌரி. அத்தானுக்கும் என் வணக்கத்தைச் சொல். இந்த வாரம் விமானம் உண்டு என்கிறார்கள், அதை நம்பி எழுதுகிறேன். போன வாரக் கடிதமும் இதோடுதான் வந்து சேரும். எதை முதலில் பிரித்தாலும் நீ குறை சொல்லத்தான் போகிறாய்.

அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் முறை மாறுகிறது. இதுவரை ஒரு பிள்ளைக்கு இரண்டு வயது முடியும்போது எல்லா ஊசியும் போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்தோம். அந்தக் கணக்கில் உன் பிக்கெமரித் தீவு எப்போதும் முன்வரிசை. இப்போது எங்கள் மேலதிகாரி ரோஸ்லின், ஆஸ்திரேலியாக்காரி, எந்த மாதம் போட்டீர்கள் என்று கேட்கிறாள். தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதம் போட வேண்டும். பதினைந்தாம் மாதம் போட்டால் நடுவில் இருந்த ஆறு மாதம் அந்தப் பிள்ளைக்கு என்ன காவல் என்கிறாள். கேட்டதும் நீ அனுப்பிய தேதிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பாதிக்கு மேல் தாமதம், அக்கா. தீவுக்கு ஒரு கோடாகச் சுவரில் வரைந்து மாட்டியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் கீழே ஓடுவது உன் கோடு.

"உங்க அக்கா கெட்டிக்கார நர்ஸ்னு சொன்னியே?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டாள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. தாமதம் ஏன் என்று விவரமாக எழுது.

யோதெபாவுக்கு மார்ச்சில் ஒன்பது மாதம் முடிகிறது. நீ அவனைக் கேட்டு வந்தபோது நாலாம் மாதம். பிள்ளையில்லாத அக்கா, என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு "புபுசி" என்றாய். அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவர் கேட்டால் நம்மில் யார் இல்லையென்று சொல்லியிருக்கிறார்கள்? அப்பா அதற்காகத் தன் படகையே கொடுத்தவர். நான் பிள்ளையைக் கொடுத்தேன். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவன் ஊசியை மட்டும் தள்ளிப்போடாதே.

கினாய்


பிக்கெமரி,
மார்ச் 12

கினா,

மௌரி. உன் இரண்டு கடிதமும் சேர்ந்தே வந்தன. ஒன்றில் அரிசி விலை ஏறியிருக்கிறது, இன்னொன்றில் என் மானம் இறங்கியிருக்கிறது.

தாமதம் ஏன் என்று என்னிடம் கேட்கிறாயா? போன வருஷம் எனக்கு எழுதியது யாரடி? "ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. கலக்கினால் ஆறு மணி நேரத்தில் கெட்டுவிடும். நீ நாலு பேருக்காகத் திறந்துவிட்டு மீதியைக் கொட்டுகிறாய். மருந்தை வீணாக்குவதில் உன் தீவுதான் முதல். என் வேலைக்கே ஆபத்து. எட்டுப் பேராவது சேராமல் திறக்காதே. புபுசி." உன் கையெழுத்துதான். நீ அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டாய், நானும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. அதற்கு ஒரு கோடு வரைந்து மாட்டச் சொல் அந்த அம்மாளை.

எட்டுப் பேர் ஒரே நாளில் எப்படிச் சேர்வார்கள்? வடகோடிக்காரி தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணல்திட்டெல்லாம் தாண்டி வருகிறாள். வந்து பார்த்தால் மொத்தம் ஐந்து பேர். "அடுத்த மாசம் வாம்மா" என்று அனுப்புகிறேன். அடுத்த மாதம் அவள் கிழங்குக் குழியில் நிற்கிறாள், வேறு நாலு பேர் வருகிறார்கள். அவர்களையும் அனுப்புகிறேன். ஒரு மாதிரியாகக் கடைசியில் எல்லோருக்கும் போட்டுவிடுகிறேன். எந்த மாதம் என்று இத்தனை வருஷம் யாரும் என்னைக் கேட்டதில்லை.

நேற்று ஊசி நாள். யோதெபாவையும் சேர்த்து ஆறு பேர். திறக்கவில்லை. மற்ற நாளில் திறக்காதவள், தன் வீட்டுப் பிள்ளை வந்ததும் திறந்துவிட்டாள் என்று பேச்சு வாங்கச் சொல்கிறாயா? அடுத்த மாதம் ஆள் அனுப்பி ஊர் ஊராகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் வருவார்கள்.

அவனுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. பதநீர்ப் பாகைக் கரைத்துக் கொடுத்தால் கரண்டியைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறான். உன் அத்தான் வலை பின்னும்போது முதுகில் ஏறிக் காதைக் கடிக்கிறான். அவர் கத்துவதுபோல நடிக்கிறார். இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதே இல்லை, கினா.

சிரோயா


தராவா,
மார்ச் 19

அக்கா,

மௌரி. எழுதியது நான்தான். எனக்கு மறக்கவும் இல்லை. மறந்ததுபோல உன்மேல் பாய்ந்தேன், கோபித்துக்கொள்ளாதே. மருந்து வீணானதற்கு என்னைத்தான் கேள்வி கேட்டார்கள், பிள்ளைகள் தாமதமானதற்கும் என்னைத்தான் கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்யட்டும்?

ரோஸ்லினிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் திறக்கச் சொல்லு. மீதி வீணாப் போனா நான் பார்த்துக்கறேன்" என்றாள். சுற்றறிக்கை வர நாளாகும். அதுவரை என் பேச்சை நம்பித் திற. ஆனால் இங்கேயும் குப்பி இல்லை, ஃபிஜியிலிருந்து வர வேண்டும். உன்னிடம் எத்தனை மிச்சம்?

இன்னொன்று. துறைமுகப் பக்கம் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும். வெயில் கொப்புளம் என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். கண்கள் சிவந்து, மூக்கு ஒழுகி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அது வெயில் கொப்புளம் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே யோதெபாவுக்குப் போட்டுவிடு. ஊர் பேசினால் பேசட்டும்.

கினாய்


பிக்கெமரி,
ஏப்ரல் 9

கினா,

மௌரி. இரண்டு வாரமாக விமானம் இல்லை. உன் கடிதம் நேற்று சாயங்காலம்தான் வந்தது. ஊசி நாளும் நேற்றுதான், காலையில்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கத்தாமல் படி.

குளிர்பெட்டியில் இரண்டு குப்பி வைத்திருந்தேன். மண்ணெண்ணெய் தீர்ந்த வாரம் ஒன்று சூடேறிக் கெட்டுவிட்டது. மிச்சம் ஒன்று, பத்துப் பேருக்கு. நான் சொல்லிவிட்டது வீண்போகவில்லை, மனேபா கூடம் நிறையத் தாய்மார்கள். வெளியூர்க்காரர்களுக்கு முதலில் போட்டேன். நம் வீட்டில் விருந்தாளி சாப்பிட்ட பிறகுதானே நாம் சாப்பிடுவது? ஒன்பது பேருக்குப் போட்டாயிற்று. பத்தாவது யோதெபா. உன் அத்தான் அவனை மடியில் வைத்துச் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்திருந்தார். நான் மருந்தை ஏற்றி நிமிர்கிறேன், வடகோடித் தாபுவா உள்ளே வருகிறாள். இடுப்புக்குக் கீழே முழுதும் நனைந்திருந்தது. பெண் குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"தண்ணி ஏறிருச்சு அக்கா, பாதி வழி மிதந்துதான் வந்தேன். இவளுக்குப் போட்டு விடுங்க."

"முடிஞ்சுபோச்சும்மா. அடுத்த பெட்டி வரட்டும்."

"கையில வச்சிருக்கீங்களே?"

"இது நம்ம வீட்டுப் பையனுக்கு."

மூன்று தடவை வந்து மூன்று தடவையும் நான் திருப்பி அனுப்பியவள் அவள். அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அவள் என் காலடியில் உட்கார்ந்தாள். பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். "புபுசி, அக்கா" என்றாள்.

மனேபாவில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உன்னைப் பெற்றவளும் என்னைப் பெற்றவளும் ஒருத்திதானே. அவள் பிள்ளைக்குப் போட்டேன். உன் அத்தான் யோதெபாவின் சட்டைக் கையை இறக்கிவிட்டார். ஊசி போடாமலேயே அவன் அழுதான்.

குப்பி வந்ததும் அனுப்பு. முதல் ஊசி அவனுக்குத்தான், சத்தியமாக.

சிரோயா


தராவா,
ஏப்ரல் 16

அக்கா,

தட்டம்மைதான். உறுதி செய்துவிட்டார்கள். இங்கே நாற்பது பிள்ளைகள் படுத்திருக்கின்றன. ஒன்று போய்விட்டது.

அந்த ஊசி என் பிள்ளையுடையது. அதைத் தூக்கிக் கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? உன் படகைக் கொடு, உன் பாயைக் கொடு, உன் பன்றியைக் கொடு. அவன் மருந்தைக் கொடுக்க நீ யார்? அவள் பிள்ளை பிழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதவே கை கூசுகிறது. ஆனால் அவளுடைய பிள்ளையா என் பிள்ளையா என்று கேட்டால் என் பிள்ளை. அப்படித்தான் சொல்லுவேன். இங்கே ஒருவரும் இல்லை, தாளில்தானே சொல்கிறேன்.

ஃபிஜியிலிருந்து மருந்து வந்துவிட்டது. உன் பெட்டியைக் கட்டிவிட்டேன். விமானம் பழுது. அதனால் கப்பலில் வருகிறது. உங்கள் ஊர்ப் புதுக்கோயில் திறப்புக்குப் பாட வரும் கூட்டமும் அதே கப்பலில்தான். ஏற்றும்போது பார்த்தேன், இரண்டு பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, கண் சிவந்திருக்கிறது. கப்பல்காரனிடம் சொன்னேன். "சளி புடிச்ச புள்ளைய இறக்கிவிடணும்னா நான் காலிக் கப்பலத்தான் ஓட்டணும்" என்று சிரிக்கிறான். உங்கள் வயர்லெஸ்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்க ஆளில்லை.

ஆகவே இந்தக் கடிதமும் அவர்களோடுதான் வருகிறது. இதை முதலில் பிரி. அவர்களை மனேபாவில் ஏற்றாதே. பெட்டியைக் கரையில் வாங்கு, கரையிலேயே அவனுக்குப் போடு.

கினாய்


பிக்கெமரி,
மே 7

கினா,

பெட்டியும் வந்தது, கூட்டமும் வந்தது, கடிதமும் வந்தது. கடிதம் மட்டும் தபால் பைக்குள் இருந்தது. விருந்தாளிகளை வரவேற்றுச் சாப்பாடு போடாமல் யார் பையைப் பிரிப்பார்கள்? பூமாலை போட்டோம். சூரை மீன் சுட்டோம். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்துத் தூங்கின. யோதெபாவை ஒரு பாட்டுக்காரி தூக்கி வைத்துக்கொண்டு விடாமல் கொஞ்சினாள். நான் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை முதல் நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். அன்றைக்கே அவனுக்குப் போட்டிருக்கலாம். வீட்டில்தான் இருந்தான், மருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. ஒருவனுக்காகத் திறந்தால் ஒன்பது பங்கு வீணாகுமே, மூன்று நாள் விருந்து முடியட்டும், எல்லோருக்குமாகத் திறக்கலாம் என்று இருந்துவிட்டேன். நீ திற என்று எழுதியிருந்தாய். கை வரவில்லை. ஒரு வருஷமாக ஒரு சொட்டும் கொட்டாமல் பழக்கிவைத்த கை.

நாலாம் நாள் காலையில் உன் கடிதத்தைப் படித்தேன். படித்த இடத்திலிருந்து ஓடிப்போய்க் குப்பியைத் திறந்தேன். முதல் ஊசி அவனுக்கு. பிறகு வீடு வீடாகப் போய் ஒரு பிள்ளை விடாமல் போட்டேன்.

ஊசிக்கு முன்பே ஒட்டிக்கொண்டுவிட்டது போலும், முந்தாநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இன்றைக்குக் காதுக்குப் பின்னால் தடிப்பு தெரிகிறது. பாகைக் கரைத்துக் கொடுத்தால் கரண்டியைத் தள்ளிவிடுகிறான். மூச்சு வேகமாக வாங்குகிறது. என்னிடம் உள்ள மருந்தெல்லாம் கொடுத்துவிட்டேன். வேறு மூன்று வீட்டிலும் பிள்ளைகள் படுத்திருக்கின்றன. கிராமத்து வயர்லெஸ்ஸைச் சரிசெய்ய ஆள் போயிருக்கிறது.

எப்படியாவது வந்துவிடு. அவன் உன்னைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்வான்.

சிரோயா


பிக்கெமரி,
மே 21

கினா,

வயர்லெஸ்ஸில் உன் குரல் கேட்டது. "சொல்லு, சொல்லு" என்று நீ கத்தியதும் கேட்டது. நான் கருவியை உன் அத்தான் கையில் கொடுத்துவிட்டேன். அவர்தான் சொன்னார்.

விமானம் வரும்வரை அவனை வைத்திருக்க முடியவில்லை. வெயில் அப்படி. வீட்டின் கிழக்குப் பக்கம், அவன் தவழ்ந்து தவழ்ந்து போகும் சீமைப்பலா மரத்தடியில் வைத்திருக்கிறோம். நீ பின்னி அனுப்பிய நீலச் சட்டை போட்டோம். அது இப்போதுதான் அவனுக்குச் சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் தாபுவா வந்தாள். புதுப் பாய் ஒன்று பின்னிக் கொண்டுவந்திருந்தாள். பெண்ணை இடுப்பில் வைத்திருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை, கொழுகொழுவென்று இருக்கிறாள். தாபுவா மண்ணில் விழுந்து அழுதாள். அந்தக் குழந்தை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. எனக்கு அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை, வாரி எடுக்கவும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொடுத்த பிள்ளையை நான் திருப்பித் தரவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சிரோயா


தராவா,
ஜூலை 15

பிக்கெமரித் தீவின் செவிலியர் சிரோயா அவர்களுக்கு,

இந்தக் காலாண்டுக் கணக்கு முடிந்தது. உங்கள் தீவில் இந்தக் காலத்தில் ஊசிக்குரிய மாதம் முடிந்த குழந்தைகள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் தட்டம்மை ஊசி உரிய மாதத்தில் போடப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு நூறு. எந்தத் தீவும் இதுவரை நூறைத் தொட்டதில்லை. கோட்டின் முனை தாளின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அலுவலகத்தில் கைதட்டினார்கள். உங்கள் மருந்தகத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாக வருகிறது.

பதினோராவது பிள்ளை எங்கே போனான் என்று கேட்பீர்கள். கணக்கெடுக்கும் நாளில் உயிரோடு இருக்கும் குழந்தைகளைத்தான் எண்ணுவது. அதுதான் விதி. ஊசி போடாதவர்களிலும் அவன் இல்லை, தாமதமானவர்களிலும் அவன் இல்லை. இருந்திருந்தால் உங்கள் கணக்கு குறைந்திருக்கும்.

வாழ்த்துகள், அக்கா.

கினாய்


பிக்கெமரி,
ஜூலை 30

கினா,

இரண்டு மாதம் கழித்து எழுதினாய். "அக்கா" என்ற ஒரு சொல் அதில் இருந்தது. அதை மட்டும் பலமுறை படித்தேன். மீதியைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. எரியத்தான் நீ எழுதினாய் என்றும் தெரியும்.

கடிகாரம் வந்தது. கோழிக்கூண்டுக்குள் போட்டிருக்கிறேன்.

என்னிடம் கோபமா, கோபப்படு. என் கோட்டைத் தரையில் இழுத்து விடு. ஆனால் அவனை விட்டுவிட்டு எண்ணாதே. பத்துப் பேர் இல்லை, பதினொரு பேர். மார்ச்சில் வந்தான், நான் திறக்கவில்லை. ஏப்ரலில் வந்தான், நான் கொடுத்துவிட்டேன். கப்பல் வந்த அன்றும் வீட்டிலேயே இருந்தான். மூன்று தடவை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிள்ளை, இந்தத் தீவில் பிறக்கவே இல்லை என்பதுபோலக் கைதட்டுகிறார்களா?

ஒருமுறை உன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து கேட்டேன், கொடுத்தாய். இன்னொரு முறை கேட்கிறேன். அவனையும் எண்ணு. புபுசி.

சிரோயா


தராவா,
ஆகஸ்ட் 13

அக்கா,

எண்ணிவிட்டேன்.

மொத்தப் பிள்ளைகள் பதினொன்று என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். ரோஸ்லின் பார்த்துவிட்டு, "இறந்த குழந்தைங்களச் சேர்க்கறதில்லையே, கினாய்" என்றாள். "இவன் என் பிள்ளை" என்றேன். அவளுக்கு அதுவரை தெரியாது. அக்கா வீட்டுப் பிள்ளை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அச்சாகிப் போகும் அறிக்கையில் விதியை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றாள். சுவரில் இருப்பதை நான் மாற்றினால் தடுக்க மாட்டேன் என்றாள்.

மாற்றிவிட்டேன். விளிம்பைத் தொட்ட கோட்டை அழித்துக் கொஞ்சம் கீழே இறக்கி வரைந்தேன். வருகிறவர்கள் அங்கே மட்டும் ஏன் பள்ளம் என்று கேட்கிறார்கள். அவன் பெயரைச் சொல்கிறேன். தினமும் யாராவது கேட்கிறார்கள், தினமும் ஒரு தடவையாவது அவன் பெயரைச் சொல்ல வாய்க்கிறது.

உன்மேல் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. என்மேல் அதற்கு மேலே இருக்கிறது. எட்டுப் பேர் சேரட்டும் என்று எழுதிய கை என்னுடையது. அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இப்போது நான் கேட்பதை நீ மறுக்கக் கூடாது. ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் திற. மீதியைக் கொட்டு. புபுசி, அக்கா.

கினாய்


பிக்கெமரி,
செப்டம்பர் 10

கினா,

மௌரி.

நேற்று ஊசி நாள். விடியற்காலையிலிருந்து மழை, திட்டெல்லாம் தண்ணீருக்குள். ஒருத்திதான் வந்தாள், ஓலைக் கூடைக்குள் பிள்ளையை வைத்துத் தலையில் சுமந்துகொண்டு. என்னைப் பார்த்ததும் அவளே, "ஒருத்திதான் அக்கா, அடுத்த மாசம் வரட்டுமா?" என்று கேட்டுத் திரும்பப் போனாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

திறந்தேன். போட்டேன். பிறகு யாராவது வருவார்களா என்று வாசலிலேயே நின்றேன். உன் அத்தான் சைக்கிளில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், நனைந்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தார். சாயங்காலம் நேரம் முடிந்தது. குப்பியை எடுத்துக்கொண்டு சீமைப்பலா மரத்தடிக்குப் போனேன்.

ஒன்பது பேருக்கான மருந்து. மண்ணில் ஊற்றினேன், உடனே உறிஞ்சிக்கொண்டது. கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன்.

அவனுக்கு வேண்டியிருந்தது அதில் ஒரு பங்குதான், கினா.

சிரோயா